ஆட்டோவைத் தெரியாத கண்

கல்கத்தா டவுன் ஹால், 1895. ஜகதீஷ் சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத அலையை ஏவ, தூரத்தில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. அவர் ஆராய்ந்த அலைகளில் சிலவற்றின் நீளம் வெறும் 5 மில்லிமீட்டர். உலகமோ மார்க்கோனியின் நீண்ட அலைகளின் பின்னால் ஓடியது. குட்டி அலைகளைச் சீந்த ஆளில்லை.

1959-இல் அமெரிக்காவில் காடிலாக் நிறுவனம் ‘சைக்ளோன்’ என்ற காரைக் காட்டியது. முகப்பில் இரண்டு கறுப்புக் கூம்புகள், உள்ளே ரேடார். எதிரே தடை இருந்தால் விளக்கும் ஒலியுமாக எச்சரிக்கும். அந்தக் கார் விற்பனைக்கே வரவில்லை.

40 ஆண்டு கழித்து, 1999-இல், மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் வந்து உட்கார்ந்தது. அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர். ஏறக்குறைய போஸின் பேட்டை! முன்னால் போகும் காரோடு அது இடைவெளி காத்தது. 2008-இல் வோல்வோ எக்ஸ்சி60, லேசர் கண்ணோடு, நகர நெரிசலில் தானாகவே நின்றது. ஆனால் 2010 மே மாதம், பத்திரிகையாளர்கள் கூடியிருக்க, அதே நிறுவனத்தின் எஸ்60 கார் நிற்காமல் போய் லாரியின் பின்புறத்தில் முட்டியது. பேட்டரிக் கோளாறு என்றார்கள்.

நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதது கூடப் பரவாயில்லை. நிற்கக் கூடாத இடத்தில் நின்றால்?

ரேடாருக்கு இரும்பு என்றால் இரும்புதான். தலைக்கு மேலே போகும் பாலமா, தரையில் கிடக்கும் தகடா, பழுதாகி நிற்கும் லாரியா என்று உயரம் பிரித்துச் சொல்ல அந்தக் கால ரேடாருக்கு வராது. பாலத்துக்கெல்லாம் பிரேக் அடித்தால் பின்னால் வருபவர் கதி என்ன? ஆகவே, அசையாத பொருளைக் கண்டுகொள்ளாதே என்று அதற்குச் சொல்லிவைத்தார்கள். அப்புறம் நடுரோட்டு லாரியும் கண்ணில் படவில்லை! துணைக்குக் கேமரா வந்தது.

கேமராவுக்குப் பாடம் நடத்த வேண்டுமே. அதற்கென 2016-இல் வந்த ‘சிட்டிஸ்கேப்ஸ்’ படத்தொகுப்பில் பெரும்பாலும் ஜெர்மானிய நகரங்கள். ஆட்டோ என்றொரு பிறவியே அதில் கிடையாது.

2018-இல் ஹைதராபாத் ஐஐஐடி-யும் இன்டெலும் ஒரு புதிய படத்தொகுப்பால் அந்தக் குறையைத் தீர்த்தன. கேமரா பூட்டிய கார் ஹைதராபாத்தையும் பெங்களூரையும் சுற்றி வந்தது. 182 ஓட்டங்கள், 10,004 படங்கள், 34 வகைகள். ஆட்டோவுக்குத் தனி வகை, விலங்குகளுக்குத் தனி வகை. தார்ச்சாலைக்கு வெளியே, ஆனால் வண்டி ஏறக்கூடிய மண்தரைக்கும் ஒரு வகை; நம் ஊரை அறிந்தவர்கள் செய்த வேலை!

2021-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி700 வந்தபோது, தானே பிரேக் அடிக்கும் கார் இந்தியக் குடும்பங்களின் கைக்கும் எட்டியது. மறு ஆண்டே அமெரிக்காவில், காரணமில்லாமல் சடாரென்று பிரேக் விழுவதாக 354 புகார்கள் சேர, சுமார் 4,16,000 டெஸ்லா கார்கள் மீது அரசு விசாரணை தொடங்கியது.

பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் கதை வேறு. முன்வண்டிக்கும் தனக்கும் நடுவே கார் மரியாதையாக விடும் இடைவெளி, ஆட்டோக்காரருக்கு அழைப்பிதழ். அவர் நுழைவார், கார் பிரேக் அடிக்கும், பின்னால் ஹாரன் அலறும். நாலு ஆட்டோ நுழைந்தபின், பொறுமை இழந்து, தானே பிரேக் அடிக்கும் வசதியையே அணைத்துவிடுபவர்கள் உண்டு. பல கார்களில், அடுத்த முறை வண்டியைக் கிளப்பியதும் அது தானாக மறுபடி வேலைக்கு வந்துவிடும்.