ஆளொழிந்த உலகில் ஒரு குரல்: எஞ்சியோரைப் பற்றிய திரைப்படங்களின் வரலாறு

தோற்றுவாய்

திரைப்படக் கலை பலகாலும் எடுத்தாண்ட பொருள்களுள் ஒன்று, மாந்தர் அனைவரும் மாண்டொழிந்த உலகில் ஒருவரோ சிலரோ எஞ்சி நிற்கும் கதையாகும். அழிவுக்குக் கூறப்படும் காரணம் காலந்தோறும் மாறிவந்துள்ளது. கொள்ளைநோய் என்றனர், அணுப்போர் என்றனர், ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த பிழை என்றனர். ஆனால் எஞ்சியவனின் செயல் பெரும்பாலும் மாறவில்லை. உணவும் உறையுளும் கிடைத்தபின் அவன் தேடுவது, தன் சொல்லைக் கேட்கும் ஒரு செவியையே. அத்தேட்டத்தின் வழியே இப்படங்களின் வரலாற்றை நோக்குவது கவிஞர்களுக்குப் பயன் தரும்.

ஏட்டில் விழுந்த வித்து

இக்கதைக்கருவின் வேர் இலக்கியத்தில் உள்ளது. 1815ஆம் ஆண்டு ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையற்ற ஆண்டாயிற்று. அவ்வாண்டில் ஆங்கிலக் கவிஞர் பைரன், கதிரவன் அவிந்த உலகை ‘இருள்’ என்னும் கவிதையில் பாடினார். அப்போது ஜெனிவா ஏரிக்கரையில் அவருக்கு அண்மையில் தங்கியிருந்தவர் மேரி ஷெல்லி. பத்தாண்டுகள் கழித்து, 1826இல், அவர் ‘இறுதி மனிதன்’ என்ற புதினத்தை வெளியிட்டார். இடைப்பட்ட காலத்தில் அவர் இரு குழந்தைகளைப் பறிகொடுத்தார். 1822இல் கணவர் ஷெல்லி கடலில் மூழ்கி இறந்தார். 1824இல் பைரனும் மறைந்தார். தம் வட்டத்தில் தாம் மட்டும் எஞ்சிய துயரையே அவர் உலகின் துயராக விரித்தார் எனலாம்.

அப்புதினத்தின் காலம் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் இறுதி. கொள்ளைநோய் மனித இனத்தை அழித்தபின் எஞ்சிய லயோனல் வெர்னி, ஆளற்ற ரோம் நகரை அடைந்து தன் வரலாற்றை எழுதுகிறான். படிப்பார் இல்லை என்று அறிந்தும் எழுதுகிறான். இறந்தோர்க்கே அந்நூலைக் காணிக்கையாக்குகிறான். பின்னர் ஒரு நாயையும் சில நூல்களையும் துணைக்கொண்டு படகேறுகிறான். வெறுமையான நகர், துணையான நாய், கேட்பாரற்ற சொல் என்னும் இம்மூன்றும் பிற்காலத் திரைப்படங்களிலும் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன.

ஊமைப்படத்தில் ஓர் அழைப்பு

பிரெஞ்சு இயக்குநர் ரெனே க்ளேரின் ‘உறங்கும் பாரிஸ்’ 1925இல் வெளிவந்த ஊமைப்படம். ஈஃபில் கோபுரத்தின் உச்சியில் வாழும் காவலன் ஒருவன் விழித்தெழுந்து கீழே பார்க்கிறான். நகரம் அசைவற்றுக் கிடக்கிறது. அறிவியலறிஞர் ஒருவரின் கதிர், மக்களை நின்ற நிலையிலேயே உறைய வைத்துவிட்டது. வானூர்தியில் வந்து தப்பிய சிலரும் காவலனுடன் சேர்கின்றனர். கேட்பாரற்ற செல்வத்தை அள்ளுகின்றனர். விரைவில் சலிப்புற்றுத் தமக்குள் பூசலிடுகின்றனர். அவர்களை அப்பூசலிலிருந்து மீட்பது, வானொலி வழியே வரும் ஒரு பெண்ணின் அழைப்பு. ஒலியற்ற படத்திலேயே ஒரு குரல் கதையைத் திருப்பிவிடுவது நோக்கத்தக்கது.

அணுவின் நிழலில்

1945இல் இரோஷிமா, நாகசாகி நகரங்களின் மீது அணுகுண்டு வீசப்பட்டபின் இக்கற்பனை அச்சமாக உருமாறியது. 1951இல் ஆர்ச் ஓபோலர் இயக்கிய ‘ஐவர்’, அணுப்போரில் எஞ்சிய ஐந்து பேரின் கதை. அவருள் ஒருவர் கறுப்பினத்தவர். அப்பாத்திரத்தை ஏற்ற சார்லஸ் லாம்ப்கின், ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் ‘படைப்பு’ என்னும் கவிதையின் பகுதியைப் படத்தில் மொழிகிறார். உலகம் அழிந்தபின் உலகம் தோன்றியதைப் பாடும் கவிதை ஒலிக்கிறது. அதே மனிதர், ஐவருள் ஒருவனின் இனவெறிக்கு இரையாகிறார்.

1959இல் வெளிவந்த ‘உலகம், உடல், சாத்தான்’ இச்சிக்கலை மேலும் ஆழமாக எடுத்துரைத்தது. ரனால்ட் மக்டூகல் இயக்கிய அப்படத்தில் ஹாரி பெலஃபாண்டே நடித்தார். இடிந்த சுரங்கத்திலிருந்து தானே வழிதேடி மேலேறி வரும் கறுப்பினச் சுரங்க ஆய்வாளன், ஆளற்ற நியூயார்க்கை அடைகிறான். கடைப்பொம்மைகள் இரண்டை வீட்டுக்குக் கொணர்ந்து அவற்றோடு பேசுகிறான். மறுமொழி தராமல் என்றும் சிரித்துக்கொண்டே நிற்கும் பொம்மையின் முகம் ஒருநாள் பொறுக்க இயலாததாகிறது. அதை மாடத்திலிருந்து வீசி எறிகிறான். விழுந்தவன் அவனே என்று எண்ணி, இதுவரை மறைந்திருந்து நோக்கிய வெள்ளைப்பெண் அலறுகிறாள். அவன் கேட்கும் முதல் மனிதக்குரல் அவ்வலறலே.

இருவரும் நண்பராகின்றனர். எனினும் ஒரே கட்டடத்தில் வாழ அவன் இசைவதில்லை. அவள் பிறந்தநாள் விருந்தில் பரிமாறும் பணியாளனாக நிற்கிறானேயன்றி உடன் அமர்ந்து உண்ண மறுக்கிறான். விலக்கி வைத்த சமூகம் மாண்டுவிட்டது. அது வகுத்த கோடு மாளவில்லை. மூன்றாமவனாக வெள்ளையன் ஒருவன் வந்ததும் ஆளற்ற வீதியில் துப்பாக்கி வேட்டை தொடங்குகிறது. ஐக்கிய நாடுகள் அவைக்கு எதிரே, வாள்கள் கலப்பையாவதைக் கூறும் விவிலிய வாசகம் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளது. அதைப் படித்த நாயகன் துப்பாக்கியை எறிந்துவிடுகிறான். கல்லில் எழுதிய பழஞ்சொல் ஒன்று, கேட்கும் மனம் பெற்றதால் உயிர் பெற்றது.

அவ்வாண்டே ஸ்டான்லி கிராமர் இயக்கிய ‘கடற்கரையில்’ என்ற படம், டிசம்பர் 17ஆம் நாள் மாஸ்கோ உள்ளிட்ட பல நகரங்களில் ஒரே சமயத்தில் திரையிடப்பட்டது. நெவில் ஷூட்டின் 1957ஆம் ஆண்டுப் புதினம் அதன் மூலம். வட பாதி உலகம் அழிந்துவிட, கதிரியக்கம் வந்தடையும் நாளை எண்ணி மெல்போர்ன் மக்கள் காத்திருக்கின்றனர். அமெரிக்கக் கரையிலிருந்து தந்திக்குறி ஒன்று விட்டுவிட்டு வருகிறது. யாரோ உயிருடன் உள்ளார் என்னும் நம்பிக்கையில் நீர்மூழ்கிக் கப்பல் அங்குச் செல்கிறது. சன்னல் திரையின் கயிற்றில் சிக்கிய குளிர்பானப் புட்டி ஒன்று காற்றில் அசைந்து தந்திப்பொறியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. கேட்க ஏங்கியோர்க்குக் கிடைத்தது பேசுவோரற்ற ஓசை. இவ்வரலாற்றில் இதனினும் துயரமான காட்சி அரிது.

இறுதி மனிதன் கேட்டானா?

ரிச்சர்ட் மாத்தீசன் 1954இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ என்னும் புதினம் மும்முறை பெயர்பெற்ற படமாயிற்று. முதலாவது 1964இல் வின்சென்ட் பிரைஸ் நடித்த ‘உலகின் இறுதி மனிதன்’. மேரி ஷெல்லியின் வெர்னி வந்து சேர்ந்த அதே ரோம் நகரில் அது படமாக்கப்பட்டது பொருத்தமாக அமைந்தது. நோயுற்று இரவில் உலவுவோரைப் பகலில் தேடிக் கொல்வதைக் கடமையாகக் கொண்டவன் அதன் நாயகன். அவன் கொன்றவருள், மருந்தால் நோயை அடக்கிப் புதுவாழ்வு தொடங்கியோரும் இருந்தனர் என்பது இறுதியில் தெரியவருகிறது. அவர்களுக்கு அவனே பேய்க்கதையின் அரக்கன். மூன்றாண்டுகள் தன் தனிமையைத் தனக்கே சொல்லிப் புலம்பியவன், பிறர் குரலுக்குச் செவி கொடுத்தானில்லை.

இரண்டாவதாகிய ‘ஒமேகா மேன்’ (1971) படத்தில் சார்ல்டன் ஹெஸ்டன், ஆளற்ற திரையரங்கில் உட்ஸ்டாக் இசைவிழாவைப் பற்றிய படத்தைத் தானே ஓட்டிப் பார்க்கிறார். அதில் வரும் பேச்சை மனப்பாடமாக உடன் சொல்கிறார். சீசரின் மார்பளவுச் சிலையோடு சதுரங்கம் ஆடுகிறார். மூன்றாவது, 2007இல் வில் ஸ்மித் நடிக்க ஃபிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கியது. நாயோடும் கடைப்பொம்மைகளோடும் பேசும் நாயகன், நாள்தோறும் வானொலியில் உலகை அழைக்கிறான். முதலில் எடுத்த முடிவில், தன்னைத் தாக்க வந்த நோயுற்றவன் தன் துணையை மீட்கவே வந்தான் என்பதை உணர்ந்து, அவளைத் திருப்பி அளித்து மன்னிப்புக் கேட்கிறான். முன்னோட்டம் பார்த்தோர் அதை விரும்பாமையால், பகைவரோடு தானும் வெடித்து மடியும் முடிவே திரையரங்குகளுக்குச் சென்றது. கேட்டு உணர்ந்த முடிவு பின்னர்க் குறுந்தகட்டில் வெளிவந்தது.

கடிதமும் கைதட்டலும்

நியூசிலாந்தில் ஜெஃப் மர்ஃபி இயக்கிய ‘அமைதியான பூமி’ (1985), எஞ்சிய அறிவியலாளன் ஒருவனை மாளிகை மாடத்தில் நிறுத்துகிறது. கீழே உலகத் தலைவர்களின் அட்டை உருவங்கள் நிற்கின்றன. பதிவு செய்த கைதட்டல் ஒலிக்க, தன்னை உலகின் தலைவனென அறிவித்துக்கொள்கிறான். மறுத்துப் பேச ஒருவர் இல்லாத அவை, அறிவுடையவனையும் பித்தனாக்கிவிடும் என்பதற்கு இக்காட்சி சான்று.

அடுத்த ஆண்டு சோவியத் நாட்டில் கான்ஸ்தந்தீன் லொபுஷான்ஸ்கி ‘இறந்த மனிதனின் கடிதங்கள்’ படத்தை அளித்தார். அது வெளிவந்த 1986ஆம் ஆண்டின் ஏப்ரலில்தான் செர்னோபில் அணுஉலை வெடித்தது. படத்தில், அருங்காட்சியகத்தின் நிலவறையில் வாழும் முதிய அறிவியலாளர், காணாமற்போன மகனுக்கு மனத்துக்குள்ளேயே கடிதம் எழுதுகிறார். அக்கடிதங்கள் சென்று சேர வழியில்லை. ஆயினும் அதிர்ச்சியால் பேச்சிழந்த பிள்ளைகள் சிலரைக் கண்டதும் அவர்களுக்குத் துணையாகிறார். கிடைத்த குச்சிகளையும் கம்பிகளையும் கொண்டு கிறித்துமஸ் மரம் செய்து தருகிறார். மகனுக்கென எழுந்த சொல், பேசாத பிள்ளைகளின் மௌனத்தைக் கேட்கும் செயலாகக் கனிந்தது.

நிறைவாக

2002இல் டேனி பாயில் இயக்கிய ‘இருபத்தெட்டு நாள்கள் கழித்து’ படத்தின் நாயகன், விடியற்பொழுதின் ஆளற்ற லண்டனில் கூவி அழைத்துக்கொண்டே நடக்கிறான். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா நோயால் உலக நகரங்களின் வீதிகள் மெய்யாகவே வெறிச்சோடியபோது பலர் நினைவுக்கு வந்தவை இத்தகைய காட்சிகளே. ஆனால் திரை காட்டாத ஒன்று அப்போது நிகழ்ந்தது. வீதிகள் வெறுமையாயின, வீடுகள் நிறைந்திருந்தன. இத்தாலியில் மக்கள் மாடங்களில் நின்று பாடினர், எதிர்மாடத்தார் கேட்டனர், கேட்டவர் தாமும் பாடினர்.

செய்யுளுக்குரிய 34 உறுப்புகளை எண்ணிய தொல்காப்பியர், ‘கேட்போர்’ என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். கேட்போர் செய்யுளுக்குப் புறத்தே நிற்பவர் அல்லர். அதன் உறுப்பே ஆவர். அவ்வுறுப்பு அறுபட்ட நிலையில் மொழி என்னாகும் என்பதை இப்படங்கள் காட்டுகின்றன. பொம்மையிடம் பேசியவன் பொம்மையை உடைத்தான். அட்டை உருவங்களிடம் பேசியவன் அரசனானான். பேசாத பிள்ளைகளின் மௌனத்தைக் கேட்டவர் மட்டுமே இறுதிவரை மனிதராக நின்றார். ஒருவர் கவிதையை மற்றவர் அமர்ந்து கேட்கும் வழக்கத்தைப் பத்தாண்டுகள் காத்துவந்த மன்றம், உலகில் ஆளிருக்கும்போதே செய்யத்தக்க பணியைச் செய்துவந்துள்ளது.