காம்பிர் தின்ற காடு

சுவா சூ காங் என்றதும் அடுக்குமாடி வீடுகளும் எம்.ஆர்.டி. நிலையமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தப் பெயரை அவ்வூருக்குத் தந்தது ஒரு செடி என்றே சொல்லலாம். தியோச்சியூ மொழியில் 'சுவா' என்பது குடும்பப் பெயர். 'சூ' என்றால் வீடு. 'காங்' என்றால் ஆற்றுத்துறை. சுவா குடும்பப் பெயர் கொண்ட தலைவரின் ஆற்றோரக் குடியிருப்பு அது. லிம் சூ காங், இயோ சூ காங் ஆகிய பெயர்களும் இவ்வாறு வந்தவையே. காட்டுக்குள் சாலை இல்லாத அந்நாளில் படகில் ஆற்றின் வழியே புகுந்த சீனர்கள், காம்பிர் பயிரிடவே அங்கே குடியேறினார்கள்.

காம்பிர் என்பது காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோக் காடுகளில், கொக்கி போன்ற முட்களால் மற்ற செடிகளைப் பற்றி ஏறும் கொடி இது. தோட்டத்தில் வெட்டி வெட்டிப் புதராக வைத்திருப்பார்கள். நம்மவர் வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டி கருங்காலி மரத்திலிருந்து வருவது. மலாய்க்காரர்கள் அதற்குப் பதிலாகக் காம்பிரைச் சேர்த்தார்கள். 1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கியபோதே இத்தீவில் சுமார் 20 காம்பிர்த் தோட்டங்கள் இருந்தன. பிற்பாடு இங்கிலாந்தில் தோல் பதனிடுவோரும் சாயம் போடுவோரும் அதை விரும்பி வாங்கவே, 1848ஆம் ஆண்டளவில் தோட்டங்கள் ஏறத்தாழ 600 ஆகிவிட்டன.

இலையையும் இளங்கிளையையும் பெரிய இரும்புச் சட்டியில் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்க வைக்க வேண்டும். சாறு குழம்பாகி, ஆறிக் கெட்டிப்பட்டதும் துண்டு போடுவார்கள். சக்கை மிளகுக் கொடிக்கு எருவாகும். பார்க்கச் சிக்கனமான ஏற்பாடுதான்! ஆனால் அடுப்புக்கு விறகு வேண்டுமே? தோட்டம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு காடும் அடுப்பில் எரிந்தது. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும், விறகும் தீர்ந்துவிடும். உடனே தோட்டக்காரர் அடுத்த காட்டுக்குப் போவார். இங்கே காடு குறைந்தபின் பலர் நீரிணையைக் கடந்து ஜொகூருக்குச் சென்றார்கள்.

தனித்தனியே இருந்த குடிசைகளில் புலிக்கு இரையான கூலிகள் பலர். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டுச் சிங்கப்பூர்ச் சிறையில் இருந்த கைதிகளைக் குழு குழுவாக அனுப்பிப் புலி வேட்டையாட வைத்ததும் உண்டு. சாலை போட்டவர்கள் என்று மட்டுமே அவர்களை நாம் நினைவுகூர்கிறோம்.

1883இல் தாவரத் தோட்டக் கண்காணிப்பாளர் நத்தானியேல் கேண்ட்லி தம் அறிக்கையில், தீவில் சுமார் 7 விழுக்காடு காடே மிஞ்சியிருப்பதாகக் கணக்கிட்டார். அதன்பிறகே புக்கிட் தீமா முதலிய காப்புக் காடுகள் ஒதுக்கப்பட்டன.

கைவிட்ட நிலத்தில் முதலில் லாலாங் புல் எழுந்தது. பின்னர் 'தியுப் தியுப்' எனும் சிறுமரம் வந்தது. வௌவால்கள் அதன் விதையைப் பரப்பும். சத்தற்ற மண்ணிலும் அது வளரும். அதனடியில் பூச்சி தின்னும் குடுவைச் செடியும் உண்டு. மண் தராத சத்தைப் பூச்சியிடம் பெறுகிறது. நூறாண்டு கடந்தும் பழைய காட்டின் நிழற்செடிகள் அங்கே எளிதில் திரும்புவதில்லை. அவற்றுக்கு ஈரமும் இருளும் வேண்டும். விதை கொண்டுவரும் பறவையும் விலங்கும் வேண்டும். அருகில் தாய்ச்செடியும் வேண்டும்.

ஆகவே மரங்கள் அடர்ந்த இடமெல்லாம் பழங்காடு என்று நாம் எண்ணிவிடக் கூடாது. தரையைப் பார்க்க வேண்டும். இஞ்சி இனங்களும் சிறு பனைகளும் நிழலில் நின்றால், கோடரி அவ்விடத்தை விட்டுவைத்திருக்கலாம். அப்படித் தப்பிய இஞ்சிகளுள் ஒன்றை வேறோர் இனமென்றே அறிஞர்கள் நெடுங்காலம் கருதியிருந்தார்கள். 2014இல்தான் அது தனி இனமென்று கண்டு, சிங்கப்பூரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.