வெளியீட்டுக்குப் பிந்தைய சக மதிப்பாய்வு

வெளியீட்டுக்குப் பிந்தைய சக மதிப்பாய்வு என்பது ஓர் ஆய்வுக் கட்டுரை ஆய்விதழில் வெளிவந்த பின்னர், அத்துறை சார்ந்தோர் அதனைப் பொதுவில் ஆராய்ந்து குறைநிறைகளைச் சுட்டும் முறை ஆகும். வழமையான சக மதிப்பாய்வில், இதழாசிரியர் தெரிவுசெய்யும் சில துறை அறிஞர்கள் கட்டுரையை வெளியீட்டுக்கு முன்னர் படித்துக் கருத்துரைப்பர். அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. வலைப்பதிவுகளும் சமூக ஊடகங்களும் பரவிய பின்னர், மதிப்பாய்வு வெளியீட்டுக்குப் பின்னரும் பலர் அறியத் தொடர்கிறது.

எடுத்துக்காட்டு: ஆர்செனிக் பாக்டீரியா

கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் இருந்து பெறப்பட்ட ஜிஎஃப்ஏஜே-1 என்னும் பாக்டீரியா, பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்செனிக்கைக் கொண்டு வளரக்கூடியது என்றும், அதன் டி.என்.ஏ.விலும் ஆர்செனிக் இடம்பெறுகிறது என்றும் கூறிய கட்டுரை டிசம்பர் 2, 2010 அன்று 'சயன்ஸ்' இதழின் இணையப் பதிப்பில் வெளியானது. பெலிசா உல்ஃப்-சைமன் குழுவினர் இதனை எழுதினர். அன்றே நாசா செய்தியாளர் கூட்டம் நடத்தியது.

சில நாட்களிலேயே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் ரோசி ரெட்ஃபீல்ட் தமது வலைப்பதிவில் இரு குறைகளை எழுதினார். டி.என்.ஏ. போதிய அளவு தூய்மைப்படுத்தப்படவில்லை என்பது ஒன்று. வளர்ப்பு ஊடகத்தில் மாசாகக் கலந்திருந்த சிறிதளவு பாஸ்பேட்டே அந்த வளர்ச்சிக்குப் போதுமானது என்பது மற்றொன்று. மதிப்பாய்வுக்கு உட்பட்ட விமர்சனங்களுக்கே விடையளிப்போம் என்பது கட்டுரையாளர்களின் நிலைப்பாடாக இருந்தது. 2011 இல் அதே இதழ் 8 விமர்சனக் குறிப்புகளை வெளியிட்டது. ரெட்ஃபீல்ட் சோதனையை மீண்டும் செய்து, அதன் போக்கையும் வலைப்பதிவில் பதிவுசெய்தார். ஜூலை 2012 இல் 'சயன்ஸ்' வெளியிட்ட இரு ஆய்வுகள் முதற்கட்டுரையின் முடிவை மறுத்தன. ஜூலை 2025 இல் இதழ் அக்கட்டுரையை மீளப்பெற்றது. மோசடி எதுவும் சுமத்தப்படவில்லை. கட்டுரையாளர்கள் இம்முடிவை ஏற்கவில்லை.

நிறைகளும் குறைகளும்

சில நாட்களில் சுட்டப்பட்ட குறை, ஆய்விதழின் பதிவில் மீளப்பெறுதலாக இடம்பெற 14 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பொதுவிமர்சனம் விரைவானது, எனினும் அதற்கு விடையளிக்க வேண்டிய கடப்பாடு கட்டுரையாளருக்கோ இதழுக்கோ இல்லை. மேலும், பரபரப்பான கட்டுரைகளே பலரின் கவனத்தை ஈர்க்கின்றன. 2013 இல் தொடங்கப்பட்ட பப்மெட் காமன்ஸ் என்னும் கருத்துரைச் சேவை, பங்களிப்பு குறைவாக இருந்ததால் 2018 இல் நிறுத்தப்பட்டது.

2012 இல் தொடங்கப்பட்ட பப்பியர் தளத்தில் பெயர் வெளியிடாமலும் கருத்துரைக்கலாம். இது மூத்த ஆய்வாளர்களை விமர்சிக்கும் இளம் ஆய்வாளர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. அதே வேளை, எழுதியவர் யார் என்று அறியாத நிலையில், கருத்தின் மதிப்பை அதில் காட்டப்படும் சான்றுகளைக் கொண்டே வாசகர் முடிவுசெய்ய வேண்டியுள்ளது.