ஊர்வலத்தின் கடைசி வரிசை

ஆபிரகாம் லிங்கன் அழகர் அல்லர். ஒட்டிய கன்னம், ஓங்கிய உயரம், நீண்ட கழுத்து. மரக்குடிசையில் பிறந்த அந்த மாமனிதரை ‘மனிதக் குரங்கு’ என்றே மாற்றார் ஏசினர். ஏசப்பட்ட அந்த முகத்தையே நாடு ஏற்கச் செய்தது ஒரு நிழற்படம்!

1860 பிப்ரவரி 27. நியூயார்க் நகரின் கூப்பர் யூனியன் மண்டபத்தில், அடிமை முறை புதிய நிலப்பகுதிகளில் பரவலாகாது என்று லிங்கன் வாதாடிய நாள். அதே நாளில் மாத்யூ பிராடி அவரைப் படமெடுத்தார். கழுத்தின் நீளம் மறைய, சட்டைக் கழுத்தை உயர்த்திவிட்டார். வார ஏடுகளிலும் தேர்தல் சின்னங்களிலும் அப்படம் பரவிற்று. பேச்சைக் கேட்டது ஒரு மண்டபம். படத்தைப் பார்த்தது ஒரு நாடு!

1863 நவம்பர் 19. கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில், சில மணித்துளிகளே பேசி உலகை வென்ற நாள். அன்று எடுத்த படத்தில் கூட்டத்துக்கு நடுவே, தொப்பியின்றி, ஒரு சிறு புள்ளியாக லிங்கன் இருக்கிறார். அந்தப் புள்ளியை லிங்கன் என்று கண்டறிய 1952 வரை காலம் காத்திருந்தது.

1865 மார்ச் 4. இரண்டாம் முறை பதவியேற்கிறார். போரின் வேர் அடிமை முறையே என்று உரைக்கிறார். அலெக்சாண்டர் கார்ட்னர் அக்காட்சியைப் படமாக்கினார். கேட்க வந்த கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகனும் இருந்தான். ஏப்ரல் 11 அன்று, கறுப்பின மக்களுள் கற்றோருக்கும் போர்வீரருக்கும் வாக்குரிமை தரலாம் என்றார் லிங்கன். அதையும் அவன் கேட்டான். ஏப்ரல் 14 இரவு, நாடகக் கொட்டகையில் சுட்டான். மறுநாள் காலை லிங்கன் மறைந்தார்.

வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை உடலைச் சுமந்து சென்றது ஒரு தொடர்வண்டி. நியூயார்க் நகர மண்டபத்தில் பேழையில் கிடந்த உடலையும் படமெடுத்தனர். படத்தகடுகளை அழிக்க ஆணையிட்டார் போர் அமைச்சர் ஸ்டாண்டன். எனினும் ஒரு படி தப்பிற்று. 1952இல், பழைய தாள்களிடையே அதைக் கண்டெடுத்தவன் பதினான்கு வயது மாணவன்!

ஏப்ரல் 25ஆம் நாள் ஊர்வலத்தின் படமொன்று புகழ்பெற்றது. பிராட்வே தெருவின் மாளிகையொன்றில், சன்னலோரம் இரு சிறுவர். பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் தம்பியுமே அவர்கள் என்பர் வரலாற்றாளர். சன்னலில் நின்றவர்களைத் தேடிக் கண்டது உலகம், சரி. தெருவில் நடந்தவர்களைத் தேடிற்றா?

கறுப்பின மக்கள் அந்த ஊர்வலத்தில் நடக்கக் கூடாது என்றது நகரசபை! விலங்கை ஒடித்தவரின் பேழைக்குப் பின்னே, விலங்கொடிந்தவர்க்கு இடமில்லையாம்! வேறுபாடு காட்டலாகாது என்று போர்த்துறையின் தந்தி வந்த பிறகே வழி பிறந்தது. ஆயினும் என்ன வழி? அனைவர்க்கும் பின்னே, காவலரின் துணையோடு, கடைசி வரிசை! அந்த வரிசையில் நூற்றுக்கணக்கானோர் நடந்தனர், தலைநிமிர்ந்து.

1865 டிசம்பரில் பதின்மூன்றாம் சட்டத்திருத்தம் நிறைவேறி, அடிமை முறை ஒழிந்தது. சட்டம் சங்கிலியை அறுத்தது. கடைசி வரிசையை அறுக்கவில்லை. ஒரு தலைவரைப் போற்றுவது எளிது. அவர் எவருக்காக மாண்டாரோ அவரைப் பக்கத்தில் நிறுத்துவதே அரிது.

பழைய படங்களைப் பார்க்கும்போது பேழையை மட்டும் பார்த்து நின்றுவிடலாமா? வரிசையின் முடிவு வரை கண்ணைச் செலுத்துவோம். அங்கே நிறுத்தப்பட்டவர் யார், நிறுத்தியவர் யார் என்று கேட்போம். அந்தக் கேள்வியே வரலாற்றுக் கல்வி!