இராணியாகாத காலாள்

சதுரங்கத்தின் இறுதிக்கட்டத்திற் காய்கள் அருகிவிட, எஞ்சிய காலாள் ஒன்றே ஆட்டத்தின் விதியை நிருணயிப்பதுண்டு. கடைசி வரிசையை எட்டிய காலாள் இராணியாக உயர்த்தப்படும். இவ்வுயர்வின் மதிப்பு எக்காலத்தும் ஒருபடித்தாய் இருந்ததன்று. 15ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அரசனருகே நின்ற காய் மூலைவழியே ஒரு கட்டம் மாத்திரம் செல்லும் மந்திரியே. அதன்பின் ஐரோப்பாவில் அது எத்திசையும் எத்துணைத் தூரமும் பாயும் இராணியாயிற்று. அன்றுதொட்டுக் காலாளை உயர்த்துவோர் இராணியையன்றிப் பிறிதொன்றை நினைப்பது அரிதாயிற்று. அவ்வழக்கமே 1895இல் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரின் கண்ணை மறைத்தது.

1875இல் இலண்டனில் பென்ரன், பொற்றர் என்னும் இருவர் ஆடிய ஆட்டம் சமநிலையில் முடிந்தது. வெள்ளை வென்றிருக்கலாம் என்பதைச் சுக்கர்ரோட் அவ்வாண்டிலேயே ஒரு சதுரங்கச் சஞ்சிகையில் எடுத்துக்காட்டினார். அதற்குரிய வழியைக் கிளிங், ஹோர்விற்ஸ் ஆகியோர் 1853இலேயே ஆராய்ந்திருந்தனர். 1895 மார்ச்சிற் பொற்றர் காலமாகவே, கிளாஸ்கோ வாரப் பத்திரிகை ஒன்றிற் சதுரங்கப் பகுதியை நடத்திய பாபியே அவ்வாட்டத்தை நினைவுகூர்ந்து ஒரு நிலையை வெளியிட்டார். அவர் நினைவு பிழைத்தது. அந்நிலை அவ்வாட்டத்தில் உண்மையில் தோன்றியதே இல்லை. வரலாற்றாசிரியன் இதனைப் பிழையென்றே எழுதவேண்டும். ஆயினும் இப்பிழை நேராதிருப்பின் பின்வரும் புதிரும் பிறந்திராது.

மே மாதத்தில் அவர் கறுப்பு அரசனை மாத்திரம் இடம்பெயர்த்து மற்றொரு புதிரை அமைத்தார். பலகையின் நிரல்களை ஏ முதல் எச் வரையும் வரிசைகளை 1 முதல் 8 வரையும் குறித்துக்கொள்வோம். வெள்ளை அரசன் பி6இல், காலாள் சி7இல். கறுப்பு அரசன் ஏ1இல், கோட்டை டி5இல். கறுப்பு ஆடிச் சமன்செய்ய வேண்டும் என்பதே பாபியேயின் வினா.

கோட்டை டி6இல் முற்றுகையிடும். வெள்ளை அரசன் பி7க்குச் சென்றால் டி7இற் கோட்டை காலாளைக் கட்டிவிடும்; சி5க்குச் சென்றால் கோட்டை டி1க்கு இறங்கிக் காத்திருந்து, இராணி தோன்றியதும் சி1இல் முற்றுகையிட்டு அதனை வெட்டும். ஆதலின் அரசன் பி5, பி4, பி3 எனப் படிப்படியே இறங்க, கோட்டையும் டி5, டி4, டி3 எனப் பின்தொடரும். ஈற்றில் அரசன் சி2ஐ அடைகிறான். இங்கே தான் கறுப்பின் சூழ்ச்சி: கோட்டை டி4க்குத் திரும்புகின்றது. காலாள் இராணியானால் கோட்டை சி4இற் பாய்ந்து முற்றுகையிடும். இராணி அதனை வெட்டியேயாகவேண்டும். வெட்டியதும், முற்றுகையின்றியே கறுப்பு அரசனுக்கு நகரக் கட்டமில்லை. ஆட்டம் சமன். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளின் இங்கிலாந்திலோ, எதிரியை இவ்வாறு அடைத்தவனே தோற்றவனாகக் கொள்ளப்பட்டான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

விடை வெளியாயிற்று. அப்பொழுது கிளாஸ்கோவில் வாழ்ந்த ஸ்பானியக் குருவானவர் பெர்னாண்டோ சவேத்ரா அதனை மறுத்தார். காலாள் இராணியாகாது கோட்டையாகட்டும் என்றார் அவர். இப்பொழுது கறுப்புக் கோட்டை சி4இல் வந்து வெட்டுண்டாலும் ஏ2 திறந்தேயிருக்கும். அரசன் அங்கே சென்றதும் வெள்ளைக் கோட்டை ஏ4இல் ஆட்டத்தை முடிக்கும். வெள்ளைக் கோட்டை ஏ8க்குச் சென்று தாக்குமென்பதே உடனடி அபாயம். அதனைத் தடுக்கக் கறுப்புக் கோட்டை ஏ4இற் போய் நிற்கவேண்டும். உடனே வெள்ளை அரசன் பி3இல் அடியெடுத்து வைக்கிறான். அந்த ஓரடி கோட்டையைத் தாக்குகின்றது. சி1இல் இறுதி முற்றுகையையும் அச்சுறுத்துகின்றது. இரண்டையும் ஒருங்கே காக்கக் கறுப்பாற் கூடாது. சமன்செய்யுமாறு விடுக்கப்பட்ட புதிர் வெள்ளைக்கு வெற்றியாயிற்று.

வலிமை மிக்க காய் ஏன் பயனற்றுப்போயிற்று? இராணி மூலைவழியாலும் ஏ2ஐ அடைக்கின்றாள், கோட்டைக்கு அவ்வழியில்லை. அவ்வளவே காரணம்.

1902இல் உலக வாகையரான இமானுவேல் லாஸ்கர் அமெரிக்கப் பத்திரிகையொன்றிற் காலாளைச் சி6இல் நிறுத்தி, வெள்ளையே முதலில் ஆடி வெல்லுமாறு இப்புதிரைத் திருத்தினார். இன்று நூல்களிற் காணப்படுவது அவ்வடிவமே. பொற்றர், பென்ரன் ஆகியோரின் ஆட்டமும் பாபியேயின் நினைவுப் பிசகும் லாஸ்கரின் திருத்தமும் சேர்ந்து அமைந்த புதிருக்குச் சவேத்ராவின் பெயரை மாத்திரம் இடுதல் நீதியோ எனச் சிலர் வினவக்கூடும். நிலையை ஆக்கியவர் பிறரே; எனினும் எல்லோரும் பார்த்தும் காணாத நகர்வைக் கண்டவர் அவர் ஒருவரே. ஆதலின் பெயர் பொருத்தமானதே.

சவேத்ரா பெரும் ஆட்டக்காரரல்லர். 1922இல் இறந்த அவரைச் சதுரங்க நூல்கள் இவ்வொரு நகர்வுக்காகவே குறிப்பிடுகின்றன.