கல்லறை பிளந்து வந்த பாஷாவும் கெய்ரோவின் செய்தித்தாளும்

அரபி இலக்கியத்தின் புதுக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் ஒதுக்கிச் செல்ல முடியாத நூல் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘ஹதீஸ் ஈஸா இப்னு ஹிஷாம்’. பெயரைக் கண்டதும் இது நபிமொழித் தொகுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். ஹதீஸ் என்னும் சொல்லுக்குரிய ‘கூற்று’ என்ற பொதுப் பொருளே இங்குக் கொள்ளத்தக்கது. ஈஸா இப்னு ஹிஷாம் என்னும் கற்பனைப் பாத்திரம் கூறும் கதை அது. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் அந்தக் கதை முதலில் நூலாகப் பிறக்கவில்லை. கெய்ரோ நகரத்து வார இதழ் ஒன்றின் பக்கங்களில், வாரந்தோறும் சிறிது சிறிதாகப் பிறந்தது. ஆகவே அந்தப் புதினத்தின் வரலாறு ஒரு செய்தித்தாளின் பிறப்பு வரலாறாகவும் இருக்கிறது.

தந்தையும் மகனும்

1882-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை எகிப்தினுள் நுழைந்தது. கெதீவின் அரியணை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆட்சி மட்டும் கைமாறியது. எகிப்தில் அச்சும் இதழும் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தன. முஹம்மது அலீ பாஷா 1828-இல் தொடங்கிய ‘அல் வகாயிஉல் மிஸ்ரிய்யா’ அரசாங்கத்தின் இதழ். அதிகாரிகளின் ஆணைகளை அறிவிப்பதே அதன் முதற்பணி. மக்கள் வாங்கிப் படித்து வாதாடும் நாளிதழ்கள் பின்னர் வந்தவை. 1889-இல் ‘அல் முகத்தம்’ ஆங்கிலேயர் சார்பில் பேசத் தொடங்கியது. அதே ஆண்டில் ஷைகு அலீ யூஸுஃபின் ‘அல் முஅய்யத்’ அதற்கு மறுமொழியாக எழுந்தது. காப்பிக் கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்ட காலம் அது.

அந்தச் சூழலில், 1898 ஏப்ரல் மாதத்தில், இப்ராஹீம் அல் முவைலிஹீ ‘மிஸ்பாஹுஷ் ஷர்க்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ‘கிழக்கின் விளக்கு’ என்பது பொருள். அன்னார் எளிய மனிதரல்லர். பழம்பெரும் அரபி நூல்களை அச்சேற்றும் பணியில் இளமையிலேயே ஈடுபட்டவர். பதவி இழந்த கெதீவ் இஸ்மாயீலுக்கு இத்தாலியில் பணிபுரிந்தவர். இஸ்தன்பூலில் பல்லாண்டுகள் வாழ்ந்து சுல்தானின் அரண்மனை நடப்புகளை நேரிற் கண்டு, நாடு திரும்பியபின் அவற்றைத் துணிந்து எழுதியவர். அவருடைய மகன் முஹம்மது அல் முவைலிஹீ 1858-இல் பிறந்தவர். உராபி பாஷாவின் எழுச்சிக் காலத்தில் தந்தையார் எழுதிய துண்டறிக்கையைப் பரப்பியதற்காக நாடுவிட்டுச் செல்ல நேர்ந்தவர். பாரிஸில் ஜமாலுத்தீன் ஆஃப்கானீ, முஹம்மது அப்துஹு ஆகியோரின் வட்டத்தில் இருந்தவர். பழைய சுவடிகளையும் புதிய ஐரோப்பாவையும் ஒருசேரக் கற்ற கண்கள் அவருக்கு வாய்த்தன.

பழைய சட்டியில் புதிய உணவு

1898 நவம்பரில் ‘காலத்தின் ஒரு பகுதி’ என்னும் பொருள்படும் ‘ஃபத்ரத்துன் மினஸ் ஸமான்’ என்ற தலைப்பில் மகனின் தொடர் ‘மிஸ்பாஹுஷ் ஷர்க்’கில் தொடங்கியது. கதை சொல்வோனாகிய ஈஸா இப்னு ஹிஷாமை அவர் புதிதாகப் படைக்கவில்லை. ஹிஜ்ரி 398-இல் மறைந்த பதீவுஸ் ஸமான் ஹமதானீயின் ‘மகாமாத்’ நூலில் கதை சொல்பவனும் அவனே. நம் மதரஸாக்களில் ஓதியவர்கள் ஹரீரீயின் மகாமாத்தை அறிவார்கள். எதுகையும் மோனையும் போல ஓசை இயைந்து வரும் ‘ஸஜ்உ’ நடை. ஊர் ஊராகச் சுற்றி, நாவன்மையால் பிழைக்கும் அறிவாளி எத்தன். அவனைக் கண்டு வியக்கும் கதை சொல்லி. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த வடிவத்தை எடுத்து, அதனுள் டிராம் வண்டியும் வழக்கறிஞரும் நிறைந்த கெய்ரோவை வைத்தார் முவைலிஹீ. ஒவ்வொரு பகுதியும் ஓசை நடையில் தொடங்கும். பாத்திரங்கள் வாய் திறந்ததும் நடை இறங்கித் தெருவுக்கு வந்துவிடும்.

கதை இதுதான். நிலவு காயும் இரவில், இமாம் ஷாஃபிஈ அவர்கள் அடங்கியிருக்கும் பகுதியின் கல்லறைகளுக்கிடையே ஈஸா உலாவுவதாகக் கனவு காண்கிறான். ஒரு கல்லறை பிளக்கிறது; நெடிய உருவம் ஒன்று வெளிவருகிறது. முஹம்மது அலீ காலத்தில் படைத்துறைப் பொறுப்பு வகித்த அஹ்மது பாஷா மனீக்லீ அவர்! எழுந்ததும் தமக்கு ஆடையும் குதிரையும் வேண்டும் என்கிறார். தம் மாளிகைக்குச் செல்ல வேண்டும் என்கிறார். இறந்தவருக்கு உலகம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. உலகமோ அவருக்காகக் காத்திருக்கவில்லை.

நகருக்குள் வந்ததும் தொல்லை தொடங்குகிறது. கழுதையை வாடகைக்கு விடும் ஒருவன், தன்னை அழைத்துவிட்டு ஏறாமல் போவதாகக் கூறிக் கூலி கேட்கிறான். ஒரு பாஷாவை ஒரு கழுதைக்காரன் வழிமறிப்பதா! பாஷா அவனை அடிக்கிறார். அவன் காவலரைக் கூவி அழைக்கிறான். அந்தக் காவலரோ கடைக்காரர்களிடம் வாங்கிய பண்டங்களைக் கைக்குட்டையில் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார். பாஷா காவல் நிலையம் செல்கிறார், வழக்கு மன்றம் ஏறுகிறார், ஒன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெறுகிறார், மேல்முறையீட்டில் விடுதலையாகிறார். ஒருகாலத்தில் தம் கைச்சைகையால் மனிதரைத் தண்டித்தவர், உழவர் வீட்டுப் பிள்ளை நீதிபதியாய் அமர்ந்திருக்க, அவர்முன் கைகட்டி நிற்கிறார். அந்த நீதிபதி கையாளும் சட்டம் பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்தது என்று அறிந்து திகைக்கிறார். ஷரீஅத் மன்றம், நாட்டு மன்றம், வெளிநாட்டாரும் இடம்பெறும் கலப்பு மன்றம், தூதரக மன்றம் என ஒரே நாட்டில் இத்தனை நீதியா என்று அவர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல ஈஸாவுக்கு நெடுநேரம் பிடிக்கிறது.

சிரிப்பின் திறம் இங்கேதான் உள்ளது. படிப்பவர் முதலில் பாஷாவைப் பார்த்துச் சிரிக்கிறார். சற்று நேரத்தில், பாஷாவின் கேள்விக்கு நேர்மையான விடை தம்மிடமும் இல்லை என்று காண்கிறார். பழையது அத்தனையும் பொன்னன்று; பாஷாவின் செருக்கே அதற்குச் சான்று. புதியது அத்தனையும் ஒளியன்று. காவலரின் கைக்குட்டையே அதற்குச் சான்று.

மலையும் பிரமிடும் விலைக்கு!

செய்தித்தாளைப் பற்றி அந்தக் கதையே பேசும் இடம் ஒன்று உண்டு. தெருவில் விற்பனைப் பையன் உரக்கக் கூவுகிறான்: முஅய்யத், முகத்தம், அஹ்ராம், மிஸ்ர்! நான்கும் இதழ்களின் பெயர்கள். முகத்தம் என்பது கெய்ரோவை அடுத்த மலையின் பெயர். அஹ்ராம் என்றால் பிரமிடுகள். மிஸ்ர் என்றால் எகிப்து நாடே. பாஷா அதிர்ந்து போகிறார். நாட்டையும் மலையையும் முன்னோர் எழுப்பிய பிரமிடுகளையும் தெருவில் ஏலம் போடும் நிலை வந்துவிட்டதா என்று கேட்கிறார்.

இது வெறுஞ் சொல் விளையாட்டன்று. ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ், கடனில் மூழ்கிய நாட்டில், அந்தக் கேள்வி வேறொரு பொருளும் தந்தது. நாடு உண்மையிலேயே விலை போகவில்லையா? நகைச்சுவையாக வந்த வினா படிப்பவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கும்.

ஈஸா பாஷாவுக்குச் செய்தித்தாள் என்னவென்று விளக்குகிறான். நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என நம் மார்க்கம் வகுத்த கடமையைப் பொதுமக்கள் நடுவே நிறைவேற்றுவது இதழின் உயர்ந்த நோக்கம் என்கிறான். ஆனால் அத்தொழிலுக்குள் தகுதியற்றோரும் புகுந்து, வயிற்றுப் பிழைப்புக்கும் பழிதூற்றலுக்கும் அதனைக் கருவியாக்கிக்கொண்டனர் என்றும் ஒப்புகிறான். தம் இதழிலேயே, தம் தொழிலின் குறையையும் எழுதிய அந்தத் துணிவு போற்றத்தக்கது.

கைவீச்சும் குஃபுவும்

அந்தக் குறை வெகுதொலைவில் இல்லை. 1902-இல் கெய்ரோவின் உணவகம் ஒன்றில் உயர்குடி இளைஞர் ஒருவர் முஹம்மது அல் முவைலிஹீயின் கன்னத்தில் அறைந்துவிட்டார். போட்டி இதழான ‘அல் முஅய்யத்’ இதனை விடவில்லை. ‘ஆமுல் கஃப்ஃபு’, அதாவது அறை விழுந்த ஆண்டு என்று பெயரிட்டுப் பகுதி பகுதியாகக் கேலி செய்தது. அடுத்த ஆண்டில் ‘மிஸ்பாஹுஷ் ஷர்க்’ நின்றுபோயிற்று. ஐந்தாண்டே எரிந்த விளக்கு அது.

கேலி செய்தவருக்கும் முறை வந்தது. 1904-இல் ஷைகு அலீ யூஸுஃப், நபிவழித் தோன்றலாகிய ஸாதாத் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். பெண்ணின் தந்தை ஷரீஅத் மன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மணமகன் தம் குலத்திற்குக் குஃபு அல்லர், பத்திரிகைத் தொழில் இழிவானது என்பது வழக்கின் சாரம். மன்றம் திருமணத்தைச் செல்லாதென்றது. நாட்டின் முதன்மை இதழாசிரியர், ஒரு நல்ல குடும்பத்திற்கு மருமகனாகத் தகுதியற்றவராகக் கருதப்பட்டார்! இப்போது மறுதரப்பு சும்மா இருக்குமா? கஃப்ஃபு என்ற சொல்லில் சிறிது திரித்து, ‘ஆமுல் குஃபு’ என்று திருப்பியடித்தார்கள்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். புதிதாய்ப் பிறந்த இதழியலை ஊர் இன்னும் மதிக்கவில்லை. மதிக்கத்தக்க வகையில் அதுவும் எப்போதும் நடந்துகொள்ளவில்லை. கேலி இரு பக்கமும் வெட்டும் கத்தி. தீமையை நோக்கி ஓங்கினால் அது நஸீஹத். ஒரு மனிதரின் அவமானத்தை நோக்கி ஓங்கினால் அது புறம். முவைலிஹீயின் தொடரில் கழுதைக்காரன் முதல் அமைச்சர் வரை அனைவரும் சிரிப்புக்குள்ளாகிறார்கள். ஆனால் சிரிப்பு அவர்களது நடத்தையின் மீதே விழுகிறது. ‘ஆமுல் கஃப்ஃபு’ எழுதிய பேனாக்களின் சிரிப்போ ஒரு மனிதரின் கன்னத்தின் மீது விழுந்தது. ஒன்று இன்றும் படிக்கப்படுகிறது. மற்றொன்று வரலாற்றின் அடிக்குறிப்பாகிவிட்டது.

நூலான கதை

தொடர் 1907-இல் நூல் வடிவம் பெற்றது. இதழில் வெளிவந்தபோது அவ்வப்போதைய அரசியல் அதில் கலந்திருந்தது. சூடான் படையெடுப்பு பற்றிய எள்ளல் பகுதிகள் நூலில் இடம்பெறவில்லை. வாரத்துக்கு வாரம் சூடாகப் பரிமாறியதில் ஆறிப்போனவற்றை ஆசிரியரே எடுத்துவிட்டார். 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியைக் கண்டு எழுதிய பயணப் பகுதி பின்னர் நூலோடு சேர்க்கப்பட்டது.

1927-இல் எகிப்தியக் கல்வித் துறை அதனைப் பள்ளிப் பாடநூலாக ஏற்றது. ஆசிரியருக்குப் பெருமைதான். ஆனால் அதே பதிப்பில் அல் அஸ்ஹர் ஷைகுமார்களைப் பற்றிய விமரிசனமும், அரச குடும்பத்தாரைப் பற்றிய பகுதியும் இல்லாமற் போயின. மாணவர் கையில் தரத் தகுந்த நூலாக்கும் முயற்சியில், கூர்மையான இரு முட்கள் உதிர்ந்தன. ஆசிரியர் 1930-இல் மறைந்தார். பிற்கால ஆய்வாளர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்து முழுக்கதையையும் மீட்டனர். ஆங்கிலத்திலும் அது வந்துள்ளது.

அரபி ஓதிக்கொடுக்கும் தொழிலில் காலம் கழித்தவன் என்ற முறையில் இங்கு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. வக்ஃபுச் சொத்தின் ஆவணங்களைத் தேடி ஷரீஅத் மன்றத்தின் பதிவேட்டு அறையில் பாஷா படும் பாட்டை மாணவர் படித்துச் சிரிக்கலாம். ஷைகுமார்களின் அவையை மட்டும் அவர்கள் காணக் கூடாது என்பது முறையாகுமா? ஆலிம்களைப் பற்றிய உண்மையான விமரிசனம் ஆலிம்களின் மாணவருக்குத்தான் முதலில் தேவை. அதை எழுதியவர் மார்க்கத்தின் பகைவர் அல்லர். அப்துஹுவின் அவையில் அமர்ந்தவர்.

நமக்கும் அக்கதைக்கும் உள்ள உறவு

இந்த வரலாறு நம்மிடமிருந்து வெகுதூரத்தில் உள்ளதன்று. எந்த உராபி எழுச்சியில் முவைலிஹீ சிக்கினாரோ, அதன் தலைவர் உராபி பாஷா 1883-இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். அவரோடு நட்புப் பூண்டவர்களுள் ஒருவர் அறிஞர் சித்தி லெவ்வை. 1882-இல் கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியவர் அன்னார். எகிப்தோடு தொடர்புடைய ‘அஸன்பே சரித்திரம்’ என்னும் தமிழ்ப் புதினத்தை 1885-இல் வெளியிட்டவரும் அவரே. ‘மிஸ்பாஹுஷ் ஷர்க்’ தொடங்கிய 1898-ஆம் ஆண்டிலேயே சித்தி லெவ்வை மறைந்தார். கெய்ரோவில் ஒரு விளக்கு ஏற்றப்பட்ட ஆண்டில் கண்டியில் ஒரு விளக்கு அணைந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், இதழும் கதையும் ஒரு சமுதாயத்திற்குக் கண்ணாடியாகும் என்ற ஒரே உண்மையை இருவரும் தனித்தனியே கண்டனர்.

‘மிஸ்பாஹுஷ் ஷர்க்’ ஐந்து ஆண்டுகளில் மறைந்தது. அதில் அச்சான செய்திகள் பழையனவாயின. அன்றைய சண்டைகள் அடங்கின. எஞ்சியது, கல்லறை பிளந்து வந்த ஒரு கிழவரின் கேள்விகள். ஓர் இதழின் ஆயுள் அதன் ஆண்டுகளால் அளக்கப்படுவதன்று. தன் ஊரை நோக்கியும் தன்னை நோக்கியும் அது எத்தனை உண்மையான வினாக்களை எழுப்பியது என்பதால் அளக்கப்படுவது.