கழற்றிக் கொண்டுபோன வன்தட்டுகள்

யாழ்ப்பாண வீடுகளில் பழைய கொம்பியூட்டரைக் கழிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கிறது. மொனிட்டர் பழைய இரும்புக்காரரிடம் போகும். கேசிங் கொஞ்சக் காலம் விறாந்தை மூலையில் கிடந்து பிறகு காணாமல் போகும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, பொலித்தீன் பையில் சுத்தி, அலுமாரியில் காணி உறுதி வைக்கிற தட்டில் வைத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "அதுக்குள்ள படங்கள் கிடக்கு" என்பார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் திறந்து பார்க்கிறதில்லை.

வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்தப் பொலித்தீன் பை சும்மா விட்டுவிடக்கூடிய சாமான் இல்லை. 2002க்குப் பிந்திய குடாநாட்டு வாழ்க்கையின் பெரிய பகுதி தாளில் இல்லை, அதற்குள்தான் இருக்கிறது. அது எப்படி அங்கே போனது, எதை விட்டுவிட்டுப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வெளியுலகக் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. கிட்டத்தட்ட ஒரு தொன் நிறை. கொள்ளளவு 5 எம்பியும் வராது, இன்றைக்கு அது போனில் எடுக்கிற ஒரு படம். 1983இல் வந்த ஐபிஎம்மின் மேசைக் கணினியில் 10 எம்பி டிஸ்க் இருந்தது. 1988இல் அல்பேர்ட் ஃபேர்ட், பீற்றர் குரூன்பேர்க் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் தனித்தனியே ஒரு காந்த விளைவைக் கண்டுபிடித்தார்கள். மிகச் சிறிய காந்தப் புள்ளியையும் வாசிக்கக்கூடிய தலையை அதைக்கொண்டு செய்யலாம். 1997இல் அந்தத் தொழில்நுட்பத்தோடு 16.8 ஜீபி டிஸ்க் கடைக்கு வந்தது. 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்ப அந்த ஆண்டுகளை எங்கட பக்கம் வைத்துப் பாருங்கோ. 1990இல் போர் திரும்பத் தொடங்கியதோடு தேசிய மின்வலையோடு இருந்த தொடர்பு அறுந்தது. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் அடங்கின. ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே வெளிக்கிட்டபோது சனம் கையில் எடுத்தது உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாண அல்பம். வன்தட்டு மிக வேகமாக வளர்ந்த அந்தப் பத்தாண்டில் எங்களிடம் அதைச் செருக ஒரு பிளக் பொயின்ற் கூட இல்லை. மற்ற ஊர்களில் 40 எம்பியிலிருந்து படிப்படியாக ஏறினார்கள். நாங்கள் நேரே ஜீபிக்குள் குதித்தோம்.

1996க்குப் பிறகு குடாநாட்டுக்குள்ளேயே ஜெனரேற்றர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் தந்தார்கள். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரல் 8இல் ஏ9 வீதி திறப்பு. சாமான்கள் ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனை தாண்டி, புலிகளின் வரியும் கட்டி வந்து சேர்ந்தன. பென்ரியம் கணினிகள் வீடுகளுக்குள் வந்தது இந்தக் காலத்தில்தான். அனேகமாகக் கொழும்பிலிருந்து வந்த பாவித்த சாமான், இல்லாவிட்டால் பாகங்களாக வந்து இங்கே பூட்டியது. டிஸ்க் 20 ஜீபி, 40 ஜீபி.

அந்தக் காலத்து டிஸ்க்குக்குப் பின்னால் பட்டையான ஒரு கேபிள் போகும். அதில் இரண்டு டிஸ்க் பூட்டலாம், ஆனால் ஒன்று 'மாஸ்ரர்', மற்றது 'ஸ்லேவ்' என்று சின்னஞ்சிறு ஜம்பரைக் கழற்றி மாற்றிக் குத்த வேண்டும். (ஆண்டான், அடிமை என்று ஒரு கேபிளுக்குப் பெயர் வைத்தவர்களைப் பற்றிக் கலைப்பீடத்தில் ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.) இந்த ஜம்பர் வித்தை தெரிந்தால் போதும், உங்கட டிஸ்க்கைச் சினேகிதன் வீட்டுக்குக் கொண்டுபோய் அவன்ர கணினியில் 'ஸ்லேவாக' மாட்டிப் படமும் பாட்டும் ஏத்திக்கொண்டு வரலாம். டயல்அப் இணையத்தின் வேகம் அதிகபட்சம் 56 கிலோபிற். 700 எம்பி படம் ஒன்றை அதில் இறக்க 28 மணித்தியாலம் வேண்டும், அதுவும் கரண்ட் நிக்காமல் இருந்தால். சைக்கிள் கூடையில் துவாயில் சுத்தின டிஸ்க் அரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

கரண்ட் நிக்கிறது என்றதும் ஒன்று. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தரம் சுத்துகிற தட்டுக்கு மேலே, தலைமயிரின் தடிப்பைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் வாசிக்கும் தலை மிதக்கிறது. திடீரென்று மின்சாரம் போனால் தலை தட்டில் விழுந்து கீற வேண்டும். விழாததற்குக் காரணம், சுத்திக்கொண்டிருக்கிற தட்டின் விசையே கொஞ்சம் மின்சாரம் பிறப்பிக்கும், அந்தக் கடைசித் துளியை வைத்துத் தலை தன் தரிப்பிடத்துக்குப் போய்விடும். டைனமோ வேலைதான். ஆனால் தலை தப்பினாலும் அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு தப்பாது. யூபிஎஸ் ஆடம்பரமா என்று கேட்ட ஊர் எங்கட ஊர் இல்லை.

2006 ஓகஸ்ட் 11இல் ஏ9 மூடப்பட்டது. சாமான் திரும்பவும் கப்பலை நம்பியது. புதுப் பாகம் வாங்குவதைவிட, செத்த இரண்டு கணினியிலிருந்து உயிருள்ள ஒன்றைச் செய்வது மலிவு. இங்கேதான் எங்கட கதையின் முக்கியமான இடம் வருகிறது. வின்டோஸ் எக்ஸ்பி இருந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மதர்போட்டில் மாட்டினால் பெரும்பாலும் நீலத் திரை வந்து நிற்கும். புது மதர்போட்டில் டிஸ்க்கோடு கதைக்கிற சிப் வேறு, அதற்கான ட்ரைவர் பழைய வின்டோஸிடம் இல்லை. ஆறுதலாகச் செய்தால் திருத்தலாம். கடையில் ஆறுதல் இல்லை, 'ஃபோர்மட்' அடித்துப் புதிதாகப் போடுவதே சுகம். அப்படிப் போடும்போது சீ டிரைவ் அழியும், டீ டிரைவ் தப்பும்.

இதை ஏதோ தொழில்நுட்ப விபரமாக மட்டும் எடுக்கக் கூடாது என்பது எங்கட வாதம். டெஸ்க்ரொப்பும் 'மை டொக்கியுமென்ற்ஸ்'உம் சீக்குள் இருக்கின்றன. கணினி தெரிந்த அண்ணாமார் தங்கட படம், பாட்டு, கேம் எல்லாவற்றையும் கவனமாக டீயில் வைத்தார்கள். அம்மா அடித்த சங்கக் கூட்டக் குறிப்பு, அக்காவின் பாடக் குறிப்புகள், அப்பப்பாவின் அந்தியேட்டி மலருக்கு எழுதிய வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் டெஸ்க்ரொப்பில் கிடந்தன. ஒவ்வொரு ஃபோர்மட்டும் ஒரு தெரிவு. கணினியை எப்பவாவது தொட்டவர்களின் எழுத்து முதலில் போனது, அனேகமாக அது பெண்களினதும் வயதானவர்களினதும். நாளைக்கு ஒருவர் இந்த டிஸ்க்குகளை வைத்து 2000களின் யாழ்ப்பாணத்தை எழுதினால், ஊர் முழுக்கச் சினிமாப் பாட்டுக் கேட்ட பெடியள் மட்டும்தான் இருந்தார்கள் என்று நினைப்பார்.

போர் முடிந்து பாதை திறந்த பிறகு எல்லாம் வேகமாக மாறியது. சாட்டா கேபிள் வந்ததோடு ஜம்பர் தேவையில்லாமல் போனது. 2011 கடைசியில் தாய்லாந்து வெள்ளத்தில் வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்க உலகம் முழுக்க விலை ஏறியது. 2013இல் குடாநாடு மறுபடி தேசிய மின்வலையோடு இணைந்தது. பிறகு எஸ்எஸ்டி. இதிலும் ஒரு சிக்கல்: 500 ஜீபி பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, காசுக்கு ஏற்றபடி 120 அல்லது 240 ஜீபி எஸ்எஸ்டி போடுகிறோம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்கு ஏறிய பிறகு அதுவே பெரிய காரியம். வேகம் கூடினது உண்மை. ஆனால் இடம் பாதி, ஆகவே "எது வேணும், எது வேண்டாம்" என்று திரும்பவும் ஒரு தெரிவு, அதுவும் கடை மேசையில் அஞ்சு நிமிடத்தில்.

1981இல் எரிந்த யாழ் பொது நூலகத்தின் 97,000 அளவான நூல்களைப் பற்றி நாங்கள் ஒவ்வொரு வருசமும் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் தாளில் இருந்ததை ஸ்கேன் செய்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அலுமாரித் தட்டில் இருப்பது யாரும் கொளுத்தாமலே போகும். தட்டைச் சுத்துகிற மோட்டரும் தலையும் நெடுங்காலம் அசையாமல் கிடந்தாலும் கெடும், பதினைந்து இருபது வருசம் கிடந்த டிஸ்க் திரும்ப ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். அதைக் கொப்பி பண்ணி எஸ்எஸ்டியில் போட்டு அலுமாரியில் வைத்தாலும் சரிவராது. பாவித்துத் தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் எழுதினதை மறந்துவிடலாம். சுத்துகிற டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி, வேறு வீட்டில் இன்னொரு பிரதி என்று வைப்பது நல்லது.

அலுமாரியில் இருப்பதை எடுக்க நினைக்கிறவர்களுக்கு: பட்டைக் கேபிள் டிஸ்க் என்றால், அதற்கென்ற யூஎஸ்பி அடப்ரர் வேண்டும், தனியாக 12 வோல்ட் மின்சாரம் தருகிற வகை. யூஎஸ்பியின் 5 வோல்ட் பெரிய டிஸ்க்கைச் சுத்தாது. மாட்டியதும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிற்பாட்டுங்கோ. வின்டோஸ் "இதைச் சரிபார்க்கவா, ஃபோர்மட் பண்ணவா" என்று கேட்டால் இரண்டுக்கும் வேண்டாம் சொல்லி, முதலில் முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுங்கோ. பிழை திருத்துவதெல்லாம் பிரதியில் செய்யலாம்.

கோப்பு திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒன்றும் விளங்காமல் கிடந்தால் பயப்படத் தேவையில்லை. அது பழுதில்லை, பாமினி. அந்தக் காலத்தில் இங்கே பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் தட்டினார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது, அது இல்லாத கணினியில் அடியில் கிடக்கிற ஆங்கிலம் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் ஒரே கோப்பில் பாமினியும் உண்மையான ஆங்கிலமும் கலந்திருந்தால் கருவி குழம்பும், அப்ப மூலத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஆகவே பழைய டிஸ்க்கின் சீ டிரைவில் வின்டோஸுக்குள் 'ஃபொன்ற்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கோ. பாமினிக்குப் பிடிக்கிற இடம் ஒரு படத்தின் அளவு கூட வராது.